திருப்பி வைக்காத தகடு

குமாமோட்டோவில் கமோஷிதாவின் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தகட்டை அளந்தாலும், அளந்து முடித்ததும் அதை வெளியே எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்து மறுபடி அளப்பார்கள். தகடு யாருடையது என்று பார்ப்பதில்லை. சாப்பிட உட்காரும் முன் கை கழுவுகிற மாதிரி, யோசிக்காமல் செய்வார்கள்.

குசாகாவுக்கு அந்த வழக்கம் இல்லை.

ஒசாகாவிலிருந்து காலை ரயிலில் கிளம்பி வந்திருந்தான். ஒரு கையில் இனிப்புப் பெட்டி, பையில் பஞ்சு சுற்றிய இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் மேலும் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலம். படலத்தில் இருப்பது சுழல் படிக்கட்டு மாதிரி முறுக்கிய ஒரு மூலக்கூறு. ஒரு தகட்டில் இடப்பக்கம் முறுக்கியது, மற்றதில் வலப்பக்கம் முறுக்கியது. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். புற ஊதா விளக்கைக் காட்டினால் இரண்டும் பச்சையாக ஒளிரும். ஒன்றின் ஒளி இடமாகவும் மற்றதன் ஒளி வலமாகவும் சுழன்றுகொண்டே வெளியே வரும்.

எந்த அளவுக்குச் சுழல்கிறது என்பதை ஓர் எண்ணில் சொல்வார்கள். இந்த மாதிரி மூலக்கூறுகளில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு வந்தாலே கைதட்டுவார்கள். குசாகாவுக்குப் பத்தில் மூன்று வந்திருந்தது.

அந்தக் கட்டுரை போன இலையுதிர் காலத்தில் வெளியானது. முதல் பெயர் சாத்தோகோ மிதாமுரா. இரண்டாவது பெயர் கென்சாகு குசாகா. மூலக்கூறைக் கட்டியவள் அவள். அளந்தவன் அவன். இருவரும் ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. பிறகு கணவன் மனைவி. கட்டுரை அச்சானபோது அவள் இல்லை. அவள் பெயருக்கு மேல் ஒரு சின்னச் சிலுவைக்குறி போட்டு, அடியில் ‘காலமானார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அது அவளுடைய கடைசிக் கட்டுரை. அவள் பெயரை ஊர் உலகம் கேட்டதும் அதனால்தான்.

“வாங்க வாங்க, புள்ளி மூணு-சான்!” என்று கமோஷிதா வாசலிலேயே கத்தினார். நாற்பது வயதைத் தாண்டிய பெண். குரல் மட்டும் சந்தைக் குரல். “உங்க எண்ணைப் பாத்ததுலேர்ந்து எங்க பசங்களுக்குச் சோறு எறங்கல. எல்லாருக்கும் வயித்தெரிச்சல்.”

“சென்செய்க்குத்தான் ரொம்ப எரிஞ்சது” என்றான் செரா. அவரைச் சென்செய், அதாவது ஆசிரியர், என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவன், கருவியை ஓட்டுகிறவன்.

“டேய், விருந்தாளி முன்னாடி உண்மையெல்லாம் பேசாதே.”

குசாகா சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்தான். கொஞ்ச காலமாக அப்படித்தான்.

இருட்டறையில் செரா முதல் தகட்டைச் செருகினான். திரையில் கோடு எழும்பியது. உயரமான, வழவழப்பான மலை.

“அடேயப்பா” என்றார் கமோஷிதா. “மலையே நிக்குது. எங்களுக்கு எறும்புப் புத்துகூட வராது. செரா, நல்லா பாத்துக்கோ. அடுத்த ஜென்மத்துலதான் இப்படி ஒண்ணு பாப்பே.”

செரா பதில் சொல்லிக்கொண்டே தகட்டை உருவினான். திருப்பினான். செருகினான். அவன் என்ன செய்கிறான் என்று அவனே கவனிக்கவில்லை. கோடு மறுபடி ஓடியது.

மலை இருந்த இடத்தில் பள்ளம். அதே அகலம், அதே ஆழம்.

திருகாணியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதன் சுற்று மாறாது. சுழலும் ஒளியும் அப்படித்தான். தகட்டைத் திருப்பினால் மலை மலையாகவே இருக்க வேண்டும். பள்ளமாக மாறினால் அது சுழல்கிற ஒளியே இல்லை. படலம் காயும்போது மூலக்கூறுகளெல்லாம் காற்றடித்த நாற்று மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன. அந்தச் சாய்வு கருவியை ஏமாற்றுகிறது. இந்தத் துறையில் உள்ள எல்லோருக்கும் இது தெரியும். அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

செரா திரையைப் பார்த்தான், பிறகு கமோஷிதாவைப் பார்த்தான்.

“விளக்கு பழசாயிடுச்சு, இல்ல செரா?” என்றார் கமோஷிதா.

“ஆமா சென்செய். போன வாரமே மாத்தணும்னு சொன்னேன்.”

“மழை வேற. ஈரப்பதம் ஏறிப்போச்சு.”

“இந்த மெஷின் மழைன்னா மொரண்டு பிடிக்கும்.”

விளக்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், அதை மாற்றிய நாளாக இந்த மாதத் தேதி இருந்தது. அது குசாகாவுக்கு நன்றாகத் தெரிந்தது. செராவுக்கும் தெரிந்திருக்கும். செரா கையை அதன் மேல் சாதாரணமாக வைப்பதுபோல் வைத்தான்.

“ஆமா, ஈரப்பதமா இருக்கலாம்” என்றான் குசாகா.

சொன்ன பிறகுதான் காது சுட்டது. அவர்கள் பொய் சொன்னது அவனுக்காக. அவனும் சேர்ந்து சொன்னது யாருக்காக?

மதியம் அவனை நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போனார்கள். கமோஷிதா கார் நிறுத்த இடம் கிடைக்காத கதையைச் சொன்னார். செரா தன் பூனையைப் பற்றிச் சொன்னான். தகட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கமோஷிதா தன் கிண்ணத்திலிருந்த பன்றி இறைச்சித் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்து, “சாப்பிடுங்க, ஒல்லியா இருக்கீங்க” என்றார். புள்ளி மூணு-சான் என்று அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. மரியாதையாகக் குசாகா-சான் என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு எல்லாம் விளங்கியது. கை மட்டும் நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு தகடும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இருட்டறையில் மாறிப் போகக்கூடாது என்று அவன் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். இடக்கைத் தகட்டுக்குப் படலம் உள்ள பக்கத்தில் லேபிள். வலக்கைத் தகட்டுக்கு வெறும் கண்ணாடிப் பக்கத்தில் லேபிள். தொட்டாலே எது எது என்று தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று பெருமைப்பட்டிருக்கிறான். லேபிள் தன்னைப் பார்த்து இருக்கும்படி செருகுவது அவன் கைப்பழக்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு தகடு முன்பக்கமாகவும் மற்றது பின்பக்கமாகவும் உள்ளே போயிருக்கிறது. ஒன்றில் மலை, மற்றதில் பள்ளம். அச்சு அசல் கண்ணாடிப் பிம்பம். அதைத்தான் ஆதாரம் என்று கட்டுரையில் போட்டார்கள்.

ஒரே ஒரு தடவை திருப்பி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைச் சாத்தோகோ கேட்டாள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துகொண்டு, திரையில் அவன் காட்டிய மலையையும் பள்ளத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “திருப்பி வச்சுப் பாத்தியா, கென்?” என்றாள். அவன் “பாத்தாச்சு” என்றான். பார்க்கவில்லை. மறுநாள் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அன்று அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஒரு நாள் தள்ளிப்போட அவனுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவளுக்கு மூச்சு முட்டியது. அதன்பின் எதையும் திருப்பிப் பார்க்கும் நிலையில் அவன் இல்லை. எழுதியதை எழுதியபடியே அவர்களுடைய ஆய்வகப் பேராசிரியர் அனுப்பிவிட்டார்.

கடையை விட்டு வெளியே வந்ததும் குசாகா நின்றான். “கமோஷிதா-சான், ரெண்டு தகட்டையும் லேபிளைக் கழட்டிட்டு மறுபடி பாக்கலாமா?”

கமோஷிதா குடையை விரித்துக்கொண்டே அவனைப் பார்த்தார். “பாக்கணுமா?”

“பாக்கணும்.”

“அப்ப கரைசலையும் பாத்துடுவோம். செரா, சாயந்திரம் பூனை தனியா இருக்குமா?”

“இருக்கும் சென்செய். அதுக்கு என்னைப் பிடிக்காது.”

தகடுகள் இரண்டும் திருப்பத் திருப்ப மலையும் பள்ளமுமாக மாறின. இடக்கை வலக்கை என்ற பேதமே இல்லை. பிறகு படலங்களைத் தனித்தனியாகத் திரவத்தில் கரைத்து அளந்தார்கள். திரவத்தில் எதுவும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியாது. அங்கே கருவியை ஏமாற்ற வழியில்லை. சமிக்ஞை அவ்வளவு சின்னது. மறுபடி மறுபடி அளந்து கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. சாயங்காலம் இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு மேடு தலைகாட்டியது. வலக்கைக்கு அதே அளவில் ஒரு குழி.

ஆயிரத்தில் ஒன்று.

“இது நிஜம்” என்றார் கமோஷிதா. குரலைத் தாழ்த்திப் பேசினார். “மிதாமுரா-சான் பண்ணின மாலிக்யூல் நல்ல மாலிக்யூல். எல்லாருக்கும் வர்ற அளவு இதுக்கும் வருது. வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

அவர் சமாதானமாகத்தான் சொன்னார். குசாகாவுக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தான்.

ஒசாகாவில் பேராசிரியர் ஒகிட்சு எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“கட்டுரையைத் திரும்ப வாங்கணும்” என்றார்.

“ஆமா சென்செய்.”

“நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். அந்த அவமானம் எனக்கு. அதை நான் பாத்துக்கறேன். பேர் போட்ட எல்லாரும் சம்மதம் சொல்லணும். நான், நீ, கூட வேலை செஞ்ச அந்த ரெண்டு பேர். மிதாமுரா-சான்…” நிறுத்தினார். “செத்தவங்களுக்காகக் குடும்பத்துல ஒருத்தர் சொல்லணும்.”

“புருஷன் நான்தானே சென்செய்.”

“தப்புப் பண்ணினவனே செத்தவங்க சார்பாவும் சம்மதிக்கிறதா?” ஒகிட்சு அவனை நேராகப் பார்க்கவில்லை. “அது நல்லா இருக்காது, குசாகா. பெத்தவங்ககிட்டப் போய்க் கேளு. மெயில் போடாதே. போ.”

சாத்தோகோவின் வீடு ஹமாதாவில், கடற்கரைப் பக்கம். கீழே அவள் அம்மா நடத்தும் அழகு நிலையம், மேலே வீடு. குசாகா போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக் கதவைத் தள்ளியதும் மணி அடித்தது. முடியைச் சுருட்டும் பர்ம் மருந்தின் காரம் மூக்கில் ஏறியது.

“அட, கென்சாகு-சான்! சொல்லாமக் கொள்ளாம?” மாமியார் ஃபுசாஎ கையுறையைக் கழற்றாமலே திரும்பினாள். நாற்காலியில் ஒரு பெண் தலை நிறைய உருளைகளோடு, மேலே பிளாஸ்டிக் தொப்பி மாட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் மாமனார் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அதுதான் வேலை.

“இது சாக்கே மதுக்கடை ஹிகாசா-சான். கல்யாணத்துக்கு வந்திருந்தாங்களே.”

“வந்தேன் வந்தேன்” என்றாள் ஹிகாசா கண்ணாடி வழியாகவே. “அப்ப இந்தப் பையனுக்குக் கன்னம்னு ஒண்ணு இருந்துச்சு. ஏம்ப்பா, ஒசாகாவுல அரிசி விக்கறதில்லையா?”

குசாகா பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அதைப் பார்த்துவிட்டான்.

கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில், கட்டுரையின் முதல் பக்கம். பெரிதாக நகலெடுத்து, லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் ஒட்டியிருந்தது. இடப் பத்தியில் மூலக்கூறைக் கட்டிய விதமும் அதன் படமும், கீழே பச்சையாக ஒளிரும் குப்பியின் நிழற்படமும். வலப் பத்தியில் மலையும் பள்ளமும், அந்த எண்ணும்.

“அழகா இருக்குல்ல?” என்றாள் மாமியார். “ஸ்டேஷன் பக்கத்துக் கடையில போட்டுக் குடுத்தாங்க. வர்றவங்களுக்கெல்லாம் ஒரு காப்பி குடுத்துட்டேன். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்கே தெரியாது. ஆனா பேர் தெரியுதுல்ல.”

“என் வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்” என்றாள் ஹிகாசா. “என் வீட்டுக்காரர் கடைக்கு வர்றவங்ககிட்ட, எங்க தெருப் பொண்ணு ஒளியையே முறுக்கிட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியறார்.”

குசாகா ரயிலில் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தான். மேலே வீட்டில், சாத்தோகோவின் படம் வைத்த பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தேநீர் வந்ததும் சொல்லலாம் என்று. இப்போது அவனால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றால் அது இன்னொரு பொய்.

மண்டியிட்டான். கைகளைத் தரையில் ஊன்றித் தலையைக் கீழே வைத்தான்.

“என்ன பண்றீங்க! எழுந்திருங்க, முடி ஒட்டும்!”

“அம்மா, அந்தப் பேப்பர் தப்பு.”

“என்னது?”

“நான் அளந்தது தப்பு. அந்த எண் தப்பு. அதைத் திரும்ப வாங்கணும். சாத்தோகோ சார்பா நீங்களும் அப்பாவும் சம்மதிக்கணும்.”

ஹிகாசாவின் தொப்பி சரசரத்தது.

“சாத்தோகோ பண்ணினது தப்பா?” என்றாள் மாமியார்.

“இல்லம்மா. அவ பண்ணினது சரி. போன வாரம் வேற ஒரு இடத்துல பாத்துட்டோம். அவ கட்டினது ரொம்பச் சரி. நான் அளந்ததுதான்…”

“அப்ப அவ பேரை ஏன் எடுக்கணும்?”

“பேப்பர் முழுசாப் போகும்மா. பாதி மட்டும் எடுக்க முடியாது.”

“அதெப்படி? தப்புப் பண்ணினவன் பேரை எடுத்துட்டு அவ பேரை வைக்க வேண்டியதுதானே?”

அவன் தரையைப் பார்த்தபடியே இருந்தான். அவள் சொன்னதுதான் நியாயம். நடைமுறையில்தான் இல்லை.

“எழுந்திரு” என்றாள் மாமியார். ‘நீங்க’ போய் ‘நீ’ ஆகிவிட்டது. “ஆஸ்பத்திரியில அவ உன்கிட்ட ஏதோ கேட்டாளே. நான் பக்கத்துல ஆப்பிள் சீவிக்கிட்டிருந்தேன். திருப்பிப் பாத்தியான்னு. மீன் சுடறதைப் பத்திப் பேசறீங்கன்னு நெனச்சேன்.”

“இல்லம்மா.”

“அது இதுதானா?”

“இதுதான்.”

“பாத்தாச்சுன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“பாத்தியா?”

“பாக்கல.”

மாமியார் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். மேசையில் வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணாடியிலிருந்து ஹிகாசாவும் பார்த்தாள். திரும்பின பக்கமெல்லாம் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபுசாஎ-சான்” என்றாள் ஹிகாசா மெல்ல, “மருந்து… நேரமாச்சு. என் தலை வெந்துடும்.”

“வேகட்டும்” என்றாள் மாமியார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு போய்த் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் இருக்கு. சும்மா இரு.”

மாமனார் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். இப்போது சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இதுல எது நிஜம்?” என்றார்.

குசாகா எழுந்து போய்க் காட்டினான். “இந்தப் பக்கம் முழுக்க, அப்பா. அவ அதை எப்படிக் கட்டினாங்கறது. இந்தப் படம்.”

“இது பச்சையா ஒளிர்றது?”

“ஒளிர்றது நிஜம்.”

“பச்சையும்?”

“பச்சையும் நிஜம்.”

“இந்த மலை?”

“அது இல்லப்பா. இந்தப் பத்தியில எதுவும் இல்ல.”

மாமனார் தலையாட்டினார். மேசையிலிருந்த கத்தரியை எடுத்தார்.

“அதைத் தொடாதீங்க!” மாமியார் பாய்ந்து வந்து பிடுங்கினாள். “முடி வெட்டற கத்தரி! பிளாஸ்டிக்கை வெட்டினா முனை போயிடும். எத்தனை வருஷம் இந்தக் கடையில இருக்கீங்க?”

“சரி சரி.”

“சமையல் கத்தரி மேல இருக்கு.”

அவர் மேலே போனார். படியில் அவர் ஏறுவதும் இழுப்பறை திறப்பதும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்து கத்தரியை நீட்டியபோது மாமியார் அதை வாங்கிக்கொண்டு, குசாகாவிடம் சொன்னாள்: “நான் ஒட்டினேன். நீ எடு.”

அவன் நகத்தால் ஒவ்வொரு மூலையாகக் கிளப்பினான். டேப் நன்றாகப் பிடித்திருந்தது. சுவர்ப் பூச்சும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

“பாத்து! சுவரைப் பேக்காதே.”

“மன்னிச்சுடுங்கம்மா.”

“சுவருக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க வாய் வருது.”

தாளை மேசையில் விரித்தாள். இரண்டு பத்திகளுக்கு நடுவே அடியிலிருந்து மேலாக வெட்டத் தொடங்கினாள். முடி வெட்டிப் பழகிய கை, கோணாமல் போயிற்று. எழுத்தில் படாமல், படத்தில் படாமல், நேராக. மேலே பெயர்கள் இருந்த வரிக்கு வந்ததும் கத்தரி நின்றது. சாத்தோகோ மிதாமுரா, அதற்கு மேல் அந்தச் சிலுவைக்குறி. பக்கத்தில் கென்சாகு குசாகா. நடுவில் ஒரு காற்புள்ளி.

மாமியார் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொன்னாலும் இந்த இரண்டு பெயரும் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எந்த எழுத்து எது என்று விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் சாத்தோகோ.

“வெட்டுங்கம்மா” என்றான்.

“நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வேண்டாம்.”

வெட்டினாள்.

மகளின் பெயரும் மூலக்கூறும் பச்சை ஒளியும் இருந்த துண்டை எடுத்து, பெயர்ந்த சுவரை மறைக்கிறாற்போல வைத்து ஒட்டினாள். மற்றதை அவனிடம் நீட்டினாள். மலையும் பள்ளமும் எண்ணும் அவன் பெயரும். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். லேமினேட் செய்தது. மடிக்க வரவில்லை. பையில் போகவில்லை.

“சம்மதம்னு சொல்லிக்கோ” என்றாள். “கையெழுத்துக்கு வைக்கற முத்திரை மேல இருக்கு. கடையை மூடினப்புறம் வச்சுத் தர்றேன்.”

“ரொம்ப நன்றிம்மா.”

“நன்றி சொல்லாதே. இன்னும் முடியல.” ஹிகாசாவின் உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். “தெரு முழுக்கக் காப்பி குடுத்தது நான். வீடு வீடாப் போய்த் திரும்ப வாங்க என்னால முடியாது. என் வாயால சொல்லவும் முடியாது. இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் ஆள் வருவாங்க. நீ அங்க உக்காரு. வர்றவங்ககிட்ட நீ சொல்லு.”

“இந்த ஹிகாசா-சானுக்குச் சொல்ல வேண்டாம்” என்றாள் ஹிகாசா. “நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அந்த மனுஷன் அழுதுடுவார்.”

“அவரை இங்க அனுப்பு. இவன் சொல்லட்டும்.”

குசாகா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மடியில் அந்தத் தாள். கவிழ்த்து வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் விட்டான். மாமனார் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். துண்டுகளிடம் திரும்பிப் போனார். மாமியார் ஹிகாசாவின் தலையை அலசினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது. குடையை உதறிக்கொண்டு ஓர் இளம் பெண் வந்தாள். முதுகில் குழந்தை கட்டியிருந்தது. சுவரைப் பார்த்து நின்றாள்.

“ஃபுசாஎ-சான், சாத்தோகோ அக்காவோட பேப்பர் ஏன் பாதியா இருக்கு? மீதி எங்க?”

மாமியார் திரும்பவில்லை. “அவர்கிட்ட இருக்கு” என்றாள். “கேளு.”

அந்தப் பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. குசாகா தாளைத் தூக்கிப் பிடித்தான், அவள் பார்க்கிற மாதிரி.

“இது நான் அளந்தது” என்றான். “தப்பு. சரிபாத்தியான்னு அவ கேட்டா. நான் சரிபாத்துட்டேன்னு சொன்னேன். சரிபாக்கல.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. “அப்படியா” என்றாள். மரியாதையாகத் தலை குனிந்தாள். அவனும் குனிந்தான்.

“கேட்டுதா?” என்று மாமியார் அலசுகிற இடத்திலிருந்து குரல் கொடுத்தாள். “அவ கட்டினது சரிங்கறதையும் சொல்லச் சொல்லு.”

“அவ கட்டினது சரி” என்றான் குசாகா.

“சத்தமா.”

“அவ கட்டினது சரி!”

குழந்தை அழ ஆரம்பித்தது.